ஊரில் இப்போது மணி நாலு

“அப்ப, என்ஜின் எரிய ஆரம்பிச்சதும் ஊர்ல இருக்கற கடிகாரம் நாலு மடங்கு வேகமா ஓடும்னு சொல்றீங்க.”

“ஆ... ஆங்.”

“எரியறது இங்க. அங்க இருக்கற கடிகாரத்துக்கு என்ன வந்துச்சு?”

“ஹா... ஊ... கா...”

“துப்பிட்டுச் சொல்லுங்க.”

நாற்காலியில் மல்லாந்து கிடந்த தாவூத் எழுந்து துப்பினார். கப்பல் மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்ததால் கிடைத்த அற்ப எடையில், எச்சில் போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத் தொட்டிக்குள் இறங்கியது.

“வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டுக் கேள்வி கேட்டா நான் எதைத் திறக்க, எதை மூட, டாக்டர்?”

அவர் அந்தக் கப்பலின் வழிக்கணக்கு பார்ப்பவர். கப்பல் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எப்போது நிறுத்தத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கேள்வி கேட்டவள் சண்முகவடிவு, கப்பலின் ஒரே பல் மருத்துவர். நானூறு பேரின் வாயும் அவளுக்கு மனப்பாடம். முகத்தை மறந்தாலும் கடைவாயை மறக்கமாட்டாள் என்று அவளைக் கேலி செய்வார்கள்.

ஐந்து வருஷத்துக்கு மேலாக அவர்கள் எறிந்த கல்லைப் போலப் போய்க்கொண்டிருந்தார்கள். என்ஜின் அணைந்திருந்தது. வேகம், ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு அறுபது. இன்னும் சில நாளில் என்ஜினை மறுபடி எரிக்க வேண்டும். இந்தத் தடவை வேகத்தைக் கூட்ட அல்ல, குறைக்க. எட்டு மாதம் விடாமல் எரிந்தால்தான் போய்ச் சேரவேண்டிய கிரகத்தின் பக்கத்தில் கப்பல் நிற்கும்.

“மாடி வீட்ல இருந்திருக்கீங்களா?” என்றார் தாவூத், மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டே. “கீழே ஒரு கடிகாரம், மொட்டை மாடியில ஒரு கடிகாரம். மாடியில இருக்கறது ஒரு துளி வேகமா ஓடும். கண்ணுக்கே தெரியாத துளி. எடை எந்தப் பக்கம் இழுக்குதோ அது கீழே. அதுக்கு எதிர்ப்பக்கம் மேலே. மேலே இருக்கறதுக்கு நேரம் வேகம். அவ்வளவுதான் விஷயம்.”

“சரி.”

“என்ஜின் எரிஞ்சா நமக்கு எடை வரும். பஸ்ல பிரேக் போட்டா முன்னால தள்ளுதே, அதேதான். நாம போற பக்கம் தரையாயிடும். ஊர் நமக்குப் பின்னால இருக்கு. அப்ப ஊர் எங்க?”

வடிவு அண்ணாந்து பார்த்தாள். மேலே விளக்கு மட்டும்தான் இருந்தது.

“தலைக்கு மேல.”

“ஊர்தான் மொட்டை மாடி. ஆனா படியேறிப் போக ஒளிக்கே நாலு வருஷம் ஆகற உயரம். அவ்வளவு உயரத்துல துளியா வேகம் கூடாது. தறிகெட்டு ஓடும்.”

“நிஜமா ஓடுமா, நம்ம கணக்குல ஓடுமா?”

தாவூத் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். “ஊர்ல இருக்கற உங்க அண்ணனைக் கேட்டா என் கடிகாரம் எப்பவும் போலத்தான் ஓடுதுன்னு சொல்வார். அது சரி. ஓடறது நம்ம ‘இப்போ’ங்கற வார்த்தைதான். இவ்வளவு தூரத்துல நின்னு ‘இப்போ ஊர்ல மணி என்ன’ன்னு கேட்டா, நின்னுக்கிட்டு இருக்கறவனுக்கு ஒரு பதில், ஓடிக்கிட்டு இருக்கறவனுக்கு ஒரு பதில். ரெண்டும் பொய் இல்ல. நாம ஓட்டத்துலேர்ந்து நிக்கறதுக்கு மாறப்போறோம். அதனால ஒரு பதில்லேர்ந்து இன்னொரு பதிலுக்குப் போயாகணும். நடுவுல மூணு வருஷம் இருக்கு. அதை எட்டு மாசத்துல தாண்டணும்.”

“எங்கண்ணனுக்கு ஒரு மணி நேரம்னா?”

“அவருக்கு ஒரு மணி நேரம்தான். நமக்குக் கால் மணி.”

வடிவு கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள்.

“பல்லு?”

“அடைச்சாச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காதீங்க.”

“எந்த ஊர் ரெண்டு மணி நேரம்?” என்று சிரித்தார் தாவூத். அவள் சிரிக்கவில்லை. அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, பாதிக் கன்னம் தொங்க, வெளியே போனார்.

மெஸ்ஸின் சுவரில் அந்தக் கடிகாரம் இருந்தது. கப்பல் புறப்பட்டபோது, ஆட்கள் ஏங்கிப் போகக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் யாரோ மாட்டிவைத்தது. ஊரில் இப்போது என்ன நேரம், என்ன தேதி என்பதை அது கணக்குப் போட்டுக் காட்டும். எல்லோரும் அதை ஊர்க் கடிகாரம் என்றார்கள். அதைப் பார்த்துத்தான் பிறந்தநாளுக்கு வாழ்த்தினார்கள், திதி கொடுத்தார்கள், நோன்பு திறந்தார்கள். சிலர் படுக்கப் போகுமுன் அதைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள். அது வெறும் கணக்கு, ஊர் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐந்து வருஷம் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்தது எல்லாம் நினைவில் நிற்காது.

வடிவுக்கு அந்தக் கடிகாரத்தில் ஒரு நேரம் மட்டும் முக்கியம். சாயங்காலம் நாலு.

அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். வடிவு பள்ளிக்கூடம் விட்டு வந்து இறங்குகிறபோது நாலு மணி வண்டியை அனுப்பிவிட்டு ஒரு டீ வாங்குவார். அதை இரண்டு டம்ளரில் ஊற்றி, அவருடைய சின்ன அறைக்குள் நின்றுகொண்டே இருவரும் குடிப்பார்கள். அவர் இரண்டு மடக்கில் முடித்துவிடுவார். அவள் ஊதிக்கொண்டே இருப்பாள். ஐந்து மணி வண்டிக்கு விசில் ஊதும்வரை அவள் டம்ளரில் டீ இருக்கும்.

இந்தக் கப்பலில் இடம் கிடைத்தபோது தயங்கினவள் அவள்தான். தள்ளினவர் அவர். “நிக்குத வண்டியில ஏறிரணும், வடிவு. கிளம்பினப்புறம் யோசிச்சு என்ன ஆவப்போகுது?” புறப்படும்போது இருவரும் ஒன்று பேசிக்கொண்டார்கள். ஊரில் நாலு மணி அடிக்கும்போது அவர் அங்கே ஒரு டீ, அவள் இங்கே ஒரு டீ. அவள் அதை ஒரு நாள்கூட விட்டதில்லை. ஊரின் நாலு மணி கப்பலின் விடியலில் வந்தாலும் சரி, பாதித் தூக்கத்தில் வந்தாலும் சரி, எழுந்து மெஸ்ஸுக்கு வந்துவிடுவாள்.

பிறகு, ஒரு நாள் அவரால் விசில் ஊத முடியவில்லை. அப்படித்தான் தொடங்கியது. முதலில் மூச்சு போதவில்லை என்று நினைத்தார். பிறகு கை, பிறகு கால். நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும் நோய். இதெல்லாம் அவர் குரல் செய்தியாக அனுப்பி, ஒளியின் வேகத்தில் கப்பலைத் துரத்திப் பிடித்து, அவள் காதுக்கு வரும்போது பழங்கதையாகியிருக்கும். கடைசியாக வந்த செய்தியில் அவர் மூச்சுக்கு மெஷின் வந்திருந்தது.

“மெஷினை எடுத்துரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன், வடிவு. சட்டப்படி ரெண்டு வருஷத்துக்கு மேல பொறுக்கணுமாம், மனசு கினசு மாறுமோன்னு. ஆவணி மூணாந்தேதி வெச்சிருக்கு. சாயங்காலம் நாலு மணி. நான்தான் நாலு மணின்னு கேட்டு வாங்கினேன். எடுத்தப்புறம் ஒரு மணி நேரம் ஆவும்ங்காரு டாக்டரு. அந்த ஒரு மணி நேரம் நீ டம்ளரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். பாலிடெக்னிக் வாத்தியார்கிட்ட கேட்டுத்தான் தேதி வெச்சேன். அன்னைக்கு உங்க வண்டி என்ஜின் அணைஞ்சு சும்மா போய்க்கிட்டு இருக்கும், ஆளுங்க நிம்மதியா உக்காந்திருப்பாங்கன்னு சொன்னாரு.”

வாத்தியார் சொன்னது ஊர்க் கணக்கில் சரி. கப்பலின் கணக்கில் அந்த ஆவணி மூன்று, என்ஜின் எரியத் தொடங்கி இரண்டரை மாதம் கழித்து வந்தது. பதில் அனுப்பித் தேதியை மாற்றச் சொல்லலாம் என்றால், பதில் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் தேதி தாண்டி வருஷங்கள் ஆகியிருக்கும்.

வடிவு கேப்டனைப் போய்ப் பார்த்தாள்.

கேப்டன் லூர்துமேரி அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஒரு மணி நேரம்தான், கேப்டன். நாலுலேர்ந்து அஞ்சு. அந்த நேரம் மட்டும் அணைச்சு வெச்சீங்கன்னா ஊர் மணியும் நம்ம மணியும் ஏறக்குறைய சேர்ந்து நடக்கும். தாவூத் சார்கிட்ட கேட்டுட்டேன்.”

“தாவூத் இன்னொண்ணும் சொல்லியிருப்பாரே.”

“சொன்னார்.”

“எரியறதைப் பாதியில சூட்டோட அணைச்சா மறுபடி பத்தும்னு யாராலயும் சொல்ல முடியாது. பத்தலைன்னா அந்த நட்சத்திரத்தைத் தாண்டிப் போய்க்கிட்டே இருப்போம், நானூறு பேரும். இறங்கற இடமே இல்லாத பஸ் மாதிரி.”

வடிவு தலையாட்டினாள்.

“என் மக மாசமா இருக்கும்போது நான் ஏறினேன், டாக்டர். பிறந்தது பேத்தி. இப்போ ஊர்க் கடிகாரத்துல அதுக்கு நாலு வயசு. நாம நிக்கும்போது ஏழு. அந்த நடு மூணு வருஷம் எனக்கு எட்டு மாசம்.” கேப்டன் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஏழு வயசுல எந்தப் பல் விழுந்திருக்கும்?”

“கீழ் முன்பல் ரெண்டும் விழுந்து முளைச்சிருக்கும். மேல ரெண்டு இருக்காது.”

“ஓட்டைப் பல்லோட சிரிக்கும்.” கேப்டன் சிரிக்க முயன்றார். “எல்லாருக்கும் தலைக்கு மேல யாரோ ஒருத்தர் இருக்காங்க. நான் யாருக்காக நிறுத்துவேன், சொல்லுங்க.”

வடிவு எழுந்துகொண்டாள்.

என்ஜின் எரிந்தது. முதலில் சத்தம் வரவில்லை, எடைதான் வந்தது. கை தொங்கியது. கன்னம் தொங்கியது. கண்ணிமையைத் திறந்து வைப்பதே வேலையாக இருந்தது. மெஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் “அப்பாடா” என்று உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கத்தான் யாராலும் முடியவில்லை. அப்போது சுவரில் ஊர்க் கடிகாரத்தின் நிமிட முள் கண்ணுக்குத் தெரிய நகரத் தொடங்கியது.

மகிழ்ச்சி அடைந்த ஒரே ஆள் பங்காரு. மெஸ்ஸில் டீ போடுகிறவன். ஐந்து வருஷமாக அவனால் டீ ஆற்ற முடியவில்லை. அந்த அற்ப எடையில் டீயை உயரத்திலிருந்து ஊற்றினால் அது வளைந்து நெளிந்து பக்கத்து ஆளின் மடிக்குப் போகும். இப்போது அவன் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, நடுவில் பழுப்பாக ஒரு கயிறு தொங்கவிட்டான். கயிறு நேராக விழுந்தது. மெஸ் முழுக்கக் கை தட்டியது.

“இப்பத்தான் இது டீ,” என்றான். “இது வரைக்கும் நீங்க குடிச்சது கஷாயம்.”

ஊரின் நாலு மணி இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தது. வடிவு நாலு தடவையும் வந்தாள். முட்டியில் பட்டி கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“என்ன டாக்டரக்கா, உங்கண்ணன் டீக்கடையிலேயே பாய் போட்டுப் படுத்துட்டாரா?” என்பான் பங்காரு. “காலையிலேர்ந்து மூணாவது.”

“அவருக்கு நாளுக்கு ஒண்ணுதான் பங்காரு. எனக்குத்தான் மூணு.”

“பல் கறையாகும். பல் டாக்டருக்கே கறைன்னா வெளியில தலைகாட்ட முடியுமா?”

டீத்தூள் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அவளுடைய பங்கு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஏன் தீரவில்லை என்று அவள் கேட்கவில்லை. பங்காரு மட்டும் வெந்நீர் குடிக்கத் தொடங்கியிருந்தான்.

முதலில் அதையெல்லாம் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். “எட்டு மாசத்துல மூணு பொங்கல். ஒரு பொங்கலுக்குத்தான் வெல்லம் இருக்கு,” என்று பங்காரு புலம்பினால், “எனக்கு மூணு ரமலான், நீ வெல்லத்துக்கு அழுவுற,” என்பார் தாவூத். ஒரு மாதம் போனபின் சிரிப்பு குறைந்தது. பிறந்தநாள் பாட்டு முடியுமுன் அடுத்த பிறந்தநாள் வந்தது. தண்ணீர்ப் பிரிவில் ஒருவரின் அம்மாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. அவர் ஒரு மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தின்மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். வேறொருவர் வந்து துண்டை இழுத்து எறிந்தார். கைகலப்பு ஆயிற்று. மூடலாமா வேண்டாமா என்று கேப்டன் எல்லோரையும் கேட்டார். மூட வேண்டாம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அதன்பிறகு அந்த மனிதர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

“இன்னொண்ணும் உங்ககிட்ட சொல்லிடணும், டாக்டர்,” என்றார் தாவூத் ஒரு நாள். “ஆவணி மூணு தாண்டினப்புறமும் உங்க அண்ணன் குரல் வந்துக்கிட்டே இருக்கும். அவர் முன்னாடி பேசினதெல்லாம் இன்னும் வழியில இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல வரும். பயந்துடாதீங்க.”

“குரல் வந்தா உசுரோட இருக்கார்னுதான தோணும்?”

“தோணும். அதான் முன்னாடியே சொல்றேன்.”

ஆவணி மூன்று, கப்பலில் ஒரு சாதாரண முற்பகலில் வந்தது. வடிவு யாருக்கும் நினைவூட்டவில்லை. ஆனால் மெஸ்ஸுக்கு வந்தபோது அவள் உட்காரும் மேசையைத் தவிர மற்ற எல்லா மேசையிலும் ஆட்கள் இருந்தார்கள்.  கேப்டன் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

பங்காரு டம்ளரை எடுத்தான். கை வழக்கம்போல உயர்ந்தது.

“ஆத்தாத, பங்காரு. கொதிக்கக் கொதிக்க அப்படியே குடு.”

“வாய் சுட்டுடும்க்கா.”

“ஒரு மணி நேரம் இருக்குல்லா,” என்றாள். கப்பலில் பல ஊர்க்காரர்களோடு பேசிப் பேசி அவளுடைய ஊர்ப் பேச்சு எப்போதோ கரைந்துபோயிருந்தது. அன்று அது தானாக வந்தது.

கடிகாரம் நாலு காட்டியது. அங்கே யாரோ ஒரு மெஷினை அணைத்தார்கள். இங்கே அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ஜின் எரியும் அதிர்வில் டீயின் மேல் வட்டம் வட்டமாக அலை வந்தது. ஊதினாள். நாலு அஞ்சு. அவர் அறைச் சுவரில் சாய்ந்து நின்று டம்ளரை உருட்டுவது நினைவுக்கு வந்தது. நாலு பத்து. என்ன நினைப்பார், என்னைப் பற்றி நினைப்பாரா, மூச்சுத் திணறுமா, பக்கத்தில் யாராவது கையைப் பிடித்திருப்பார்களா? ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக நினைக்க விரும்பினாள். ஒன்றை நினைத்து முடிப்பதற்குள் முள் நகர்ந்துவிட்டது. நாலரை. பேசவேண்டியதை எல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்கென்று இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்தாள். சின்ன வயதில் அவருடைய விசிலை ஒளித்து வைத்துவிட்டு அவள் தெரியாதவள்போல நின்றது, நாலு மணி வண்டி அன்றைக்கு நாலே காலுக்குப் போனது, அவர் அவளைக் காட்டிக்கொடுக்காதது. “அண்ணே” என்று மட்டும் சொன்னாள். அதற்குள் நாலே முக்கால் ஆகியிருந்தது.

ஐந்து.

தாவூத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

வடிவு டம்ளரை உதட்டில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

“டீ இன்னும் சுடுது, பங்காரு,” என்றாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேப்டன் அன்று அவளுக்கு ஒரு வாளித் தண்ணீர் முழுசாகக் கொடுக்கச் சொன்னார். அது அந்தக் கப்பலில் யாருக்கும் கிடைக்காதது. வடிவு தலைமுழுகினாள். எடை இருந்ததால் தண்ணீர் ஊரில் விழுவதுபோல உச்சியிலிருந்து நேராக விழுந்தது. அதன்பிறகு ஊரின் நாலு மணி அடிக்கும்போது அவள் மெஸ் பக்கம் போகவில்லை. பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடை வந்தபின் பல்வலி என்று நிறையப் பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பல்லில் ஒன்றுமில்லை. உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து தாவூத் வந்தார். அவருக்கும் பல்வலி இல்லை.

“உங்களுக்குச் செய்தி வந்திருக்கு, டாக்டர். அண்ணன்தான். நான் கேக்கல. பழசு. இதுக்கு முந்தின செய்திக்கு மூணு மாசம் கழிச்சுப் பேசியிருக்கார். வேணாம்னா வெச்சிருக்கேன், அப்புறமா...”

“குடுங்க.”

அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் அவளே சாய்ந்தாள். அண்ணாந்து விளக்கைப் பார்த்தபடி குரலை ஓடவிட்டாள்.

முதலில் மெஷின் கேட்டது. உஸ் என்று ஏறி, உஸ் என்று இறங்கும் காற்று. பிறகு அவர்.

“வடிவு, நான்தான். இது காத்து விடுத இடத்துலதான் நான் பேச முடியும். அதான் விட்டு விட்டு வருது. பொறுமையா கேளு.

“நேத்து பாலிடெக்னிக் வாத்தியார் வந்தாரு. மூஞ்சியே சரியில்ல. ‘ஆவுடையப்பா, தப்பு நடந்துபோச்சு’ங்காரு. என்னய்யான்னேன். ‘என் கணக்குல அன்னைக்கு உந்தங்கச்சி வண்டி சும்மா ஓடிக்கிட்டிருக்கும். அது சரிதான். ஆனா அவ கணக்குன்னு ஒண்ணு இருக்குல்லா, அதை நான் போட்டுப் பாக்கல. அவ கணக்குல அந்த நாளு பிரேக் போடுத நேரத்துல வருது. உனக்கு ஒரு மணி நேரம்னா அவளுக்குக் கால் மணிதான் கெடைக்கும்’ன்னாரு. ரெண்டு கணக்கும் எப்படிய்யா சரியா இருக்கும்னு சண்டைக்குப் போனேன். இருக்கும்ங்காரு. எனக்கு மண்டையில ஏறல. ஆனா கால் மணிங்கது ஏறிச்சு.”

காற்று ஏறி இறங்கியது.

“கால் மணியில நீ என்னைக்கு டீ குடிச்சு முடிச்சிருக்க? ஊதி ஊதி, ஆடை படிஞ்சு, அதை விரலால எடுத்துச் சுவத்துல தேச்சு... வாய் வெந்து போவும் உனக்கு.

“அதனால ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன், ஆவணி மூணு வேண்டாம்னு.”

வடிவு எழுந்து உட்கார்ந்தாள். கை தானாக நீண்டு குரலை நிறுத்தியது.

மேலே எந்தச் சத்தமும் இல்லை. கீழே என்ஜின் மட்டும். அவள் தலைமுழுகிவிட்டிருந்தாள். நாலு மணி டீயை நிறுத்திவிட்டிருந்தாள். கப்பலில் எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஊர்க் கடிகாரத்தின் கணக்குப்படி அவர் இதைச் சொல்லி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இரண்டு வருஷமும், அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணியிலும், இதோ இந்த நிமிஷத்திலும், அவள் தலைக்கு மேலே அவர் அந்த மெஷினோடுதான் படுத்திருந்தார். இங்கே அவள் மூச்சை இழுத்து விடுவதற்குள் அங்கே அவருக்கு அது நாலு தடவை ஏற்றி இறக்கியிருக்கும்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். “டாக்டரக்கா,” என்றான் பங்காரு தயங்கித் தயங்கி. “ஊர்ல நாலாகுது. சும்மாதான் சொன்னேன். வேணும்னா போடறேன்.”

அவள் குரலை மறுபடி ஓடவிட்டாள்.

“திட்டாத. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன். நீ போயி இறங்கி நின்னுட்டேன்னா அப்புறம் ஓட்டமும் கிடையாது, பிரேக்கும் கிடையாதாம். நம்ம ரெண்டு பேரு மணியும் ஒண்ணு போலப் போவுமாம். எனக்கு ஒரு மணி நேரம்னா உனக்கும் ஒரு மணி நேரம். அப்ப வெச்சுக்கிடுவோம்.

“தேதியை நீதான் சொல்லணும். ஒருக்க நான் வெச்சுத்தான் இப்படி ஆச்சு. இது உனக்கு வந்து சேரவே நாலு வருஷம், உன் பதிலு திரும்பி வர நாலு வருஷம்ங்காரு வாத்தியார். ஆவட்டும். மெஷினு பத்து வருஷங்கூட இழுக்குமாம். பேச்சு இன்னும் கொஞ்ச நாள்ல போயிரும், ஆனா காது கேக்கும்ங்காங்க. நீ சொல்லுதது கேக்கும். அது வரைக்கும் அவங்க என்ன சொன்னாலும் புதுசா எழுதிக் குடுக்க மாட்டேன்.”

உஸ் என்று காற்று ஏறியது. இறங்க நேரம் எடுத்துக்கொண்டது. பின்னால் ஒரு பெண்குரல், போதும் ஐயா, வலிக்கும், அப்புறம் பேசலாம் என்றது. இரும்மா, என்றார் அவர்.

“ராத்திரியிலதான் கொஞ்சம்... அது கெடக்கட்டும். நல்ல நாளு, கிழமை எல்லாம் பாக்காண்டாம், வடிவு. உனக்கு வேலை இல்லாத நாளாப் பாரு. அவசரமில்லாம, ஊதி ஊதி, ஆற அமரக் குடிக்குத மாதிரி ஒரு நாளு.

“ஒரு நாள் சொல்லு, வடிவு.”